கோமதிக்கு, பேரனின் ரத்தப் பரிசோதனை பற்றி

அன்புள்ள கோமதி,

முதலில் உன் கேள்விக்குப் பதில், மற்றதெல்லாம் அப்புறம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின், பேரனுக்கு 0.3 என்று வந்திருப்பது நோயல்ல. அதன் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'குறைவு' என்ற குறியைப் பார்த்துப் பயப்படாதே. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். இதை உன் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

போனில் இதையே சொன்னபோது, "சும்மா என்னைத் தேற்றாதே" என்று கோபித்துக்கொண்டாய். இத்தனை வருடத்தில் நான் உன்னை எதற்காவது தேற்றியிருக்கிறேனா? தேர்வு முடிவு வந்த அன்றைக்குக்கூட உண்மையைத்தானே சொன்னேன்! ஆனால் போனை வைத்த பிறகும் உன் மனம் ஆறவில்லை என்று தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் சமீபத்தில் ஒன்று நடந்தது. அதை யாரிடமாவது முழுதாகச் சொல்லியாக வேண்டும். வேதியியல் படித்துவிட்டு வங்கிக்குப் போய்விட்டாலும், நீ சொன்னால் புரிந்துகொள்வாய்.

இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் தேவலை. பெரியவன் வேலை மாறிவிட்டான், சின்னவள் வழக்கம்போல. தனபால் ஒரு திருமணத்தில் பார்த்து உன்னை விசாரித்தார். பியூரெட் விவகாரத்தை இன்னும் மறக்கவில்லை மனிதர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிரியேட்டினின் எங்கிருந்து வருகிறது என்பது உனக்கு நினைவிருக்கும். தசையில் இருக்கும் கிரியேட்டின் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கிரியேட்டினின் ஆகிறது. ரத்தத்தில் கலக்கும் அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளுகிறது. ஆக, ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பது எவ்வளவு உற்பத்தியாகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. உன் பேரனின் கையையும் காலையும் பார். அந்த உடம்பில் தசை எவ்வளவு இருக்கும்? உற்பத்தியே குறைவு என்றால் அளவும் குறைவாகத்தான் இருக்கும். ஒன்று முதல் மூன்று வயது வரை டெசிலிட்டருக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். பள்ளிக்குப் போகும் வயதில் மெல்ல ஏறும். பதின்ம வயதில், அதிலும் ஆண்பிள்ளைகளுக்கு, பெரியவர்களின் அளவை எட்டும்.

நீ அனுப்பிய சீட்டில் 'இயல்பான அளவு 0.6 முதல் 1.2' என்று போட்டிருக்கிறதே, அது வளர்ந்த மனிதர்களின் எல்லை. கணினியில் ஒரே ஒரு எல்லையைப் பதிந்துவைத்திருக்கிறார்கள். பாட்டிக்கும் அதே, பேரனுக்கும் அதே. 0.6-க்குக் கீழே எந்த எண் வந்தாலும் கணினி 'குறைவு' என்று அடித்துவிடும். உன்னைப் போன்றவர்கள் இரவெல்லாம் கண்விழித்து இணையத்தில் தேடுவார்கள். (நள்ளிரவு தாண்டி நீ அனுப்பிய செய்திகளைப் பார்த்தேன். இனி அப்படிச் செய்யாதே.)

இந்தப் பயத்தோடு போனால் பரவாயில்லை, கோமதி. எண் குறைவு என்று வீணாகப் பயப்படுவதால் ஒரு தூக்கம்தான் கெடும். அதே எல்லை மறுபக்கத்தில் செய்கிற காரியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்று வயதுப் பையன் ஒருவனின் ரத்தம் எங்களிடம் வந்தது. பிள்ளை வளரவில்லை, ஓயாமல் தண்ணீர் கேட்கிறான், சிறுநீர் போய்க்கொண்டே இருக்கிறான் என்று குறிப்பு. கிரியேட்டினின் 0.9. எங்கள் கருவியும் அதன் பக்கத்தில் எந்தக் குறியும் போடவில்லை. 0.6-க்கும் 1.2-க்கும் நடுவே அழகாக உட்கார்ந்திருக்கிறதே, எதற்குப் போடும்? கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்த சீட்டில் வயது என்ற கட்டம் கண்ணில் பட்டது. மூன்று வயதுக்கு 0.9! உடனே மருத்துவரை அழைத்தேன். உயரம் கேட்டேன். 86 சென்டிமீட்டர் என்றார். வயதுக்குக் குள்ளம்.

ஒரு கணக்கு இருக்கிறது. உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்து 0.413-ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தநீரை வடிகட்டுகிறது என்பதற்குத் தோராயமான ஒரு மதிப்பு கிடைக்கும். எல்லோரையும் ஒப்பிடுவதற்காக 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பையனுக்குப் போட்டுப் பார். 39 வருகிறது. அந்த வயதில் 90-க்கு மேல் இருக்க வேண்டும். பாதிக்கும் மேல் போய்விட்டது. ஆனால் சீட்டில் ஒரு நட்சத்திரக்குறிகூட இல்லை.

அதைவிடக் கொடுமை, பல மாதங்களுக்கு முன்பே வேறோர் இடத்தில் பரிசோதனை செய்திருக்கிறார்கள். அப்போது 0.8. அந்தச் சீட்டிலும் குறி இல்லை. "எல்லாம் நார்மல் என்றுதானே அன்றைக்குச் சொன்னார்கள்" என்று அந்தத் தாய் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். ஸ்கேன் எடுத்தபோது இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. சிறுநீர் வெளியேறும் பாதையில் பிறவியிலேயே ஒரு சவ்வு அடைத்துக்கொண்டிருக்கிறது; ஆண்பிள்ளைகளுக்கு வருகிற கோளாறு அது. குழாய் வைத்து வடித்தார்கள், பிறகு சவ்வை நீக்கினார்கள். கிரியேட்டினின் கொஞ்சம் இறங்கியது. ஆனால் இயல்புக்கு வரவில்லை. இழந்ததில் எவ்வளவு அந்த மாதங்களில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு ஆறவே இல்லை.

உன்னிடம் கணக்கைச் சொல்லிவிட்டேன் என்பதற்காகக் கால்குலேட்டரோடு உட்கார்ந்துவிடாதே. அதன் வரலாற்றையும் கேட்டுக்கொள். ஜார்ஜ் ஷ்வார்ட்ஸ் என்ற குழந்தைச் சிறுநீரக மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1976-ல் உயரத்தை வைத்து இந்தச் சூத்திரத்தைத் தந்தார்கள். அன்றைக்கு மாறிலி, அதாவது உயரத்தைப் பெருக்கும் எண், 0.55. 2009-ல் அதை 0.413 என்று திருத்தினார்கள். ஏன் தெரியுமா? நம் பழைய நண்பர் பிக்ரிக் அமிலத்தால்! நம் செய்முறை வகுப்பில் விரலெல்லாம் மஞ்சளாகித் திரிந்தோமே, அதேதான். காரம் சேர்த்த பிக்ரிக் அமிலத்தில் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, கலந்தால் ஆரஞ்சு நிறம் வரும், அந்த நிறத்தின் அடர்த்தியை அளப்போம். 1886-ல் மாக்ஸ் யாஃபே கண்ட வினை. ஆனால் அந்த ஆரஞ்சு நிறத்தைக் கிரியேட்டினின் மட்டுமா தருகிறது? புரதம், குளுக்கோஸ், கீட்டோன், செஃபலோஸ்போரின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சில எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபின் எதிர்ப்பக்கம் இழுத்து அளவைக் குறைத்துக் காட்டும். பெரியவர் ஒருவருக்கு உண்மையான அளவு 1.0, பிழையால் 0.2 கூடியது என்று வைத்துக்கொள். ஐந்தில் ஒரு பங்கு. உன் பேரனுக்கு 0.3-இல் அதே 0.2 கூடினால் அளவு 0.5 ஆகிவிடும். இருக்கிற சிறுநீரகத்தில் கிட்டத்தட்டப் பாதி வேலை செய்யவில்லையோ என்று நினைக்க வைத்துவிடும்.

அதனால்தான் குழந்தைகளுக்குப் பிக்ரிக் அமிலத்துக்குப் பதில் நொதியை (என்சைம்) வைத்து அளக்கும் நொதி முறை நல்லது. அதில் இந்தக் கலப்படத் தொல்லை மிகக் குறைவு, அளவும் சற்றுக் கீழே வரும். அளவு கீழே வந்தால் பழைய 0.55-ஐ வைத்துக் கணக்கிட முடியாது. சிறுநீரகம் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். மாறிலியைத் திருத்தியது அதனால்தான். இன்னும் சிலர் பழைய எண்ணையே போடுகிறார்கள். அதே பையனுக்கு 0.55 போட்டால் 39-க்குப் பதில் 53 வரும்.

இன்னொன்றும் கேள். பல கருவிகள் 0.4 என்று ஒரே தசமத்தோடு நிறுத்திவிடும். பெரியவருக்குப் பரவாயில்லை. 88 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு குழந்தைக்கு அந்த 0.4 என்பது 0.35 ஆகவும் இருக்கலாம், 0.44 ஆகவும் இருக்கலாம். வடிகட்டும் வேகம் முதலாவதற்கு 104, இரண்டாவதற்கு 83. இரண்டாம் தசமம் இல்லாமல் எதை நம்பிப் பேசுவது? இதற்காக நான் எங்கள் மென்பொருள்காரரோடு போட்ட சண்டையை நேரில் சொல்கிறேன்.

உன் இரண்டாவது பயம், யூரியா. "போன தடவை 9, இப்போது 19, இரண்டு மடங்காகிவிட்டது" என்று எழுதியிருந்தாய். இரண்டு சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு தலைப்பைப் படி. பழையதில் யூரியா நைட்ரஜன் என்றும் புதியதில் யூரியா என்றும் இருக்கும். ஒன்று யூரியாவுக்குள் இருக்கும் நைட்ரஜனின் எடை, மற்றது முழு யூரியாவின் எடை. நைட்ரஜன் கணக்கை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா. 9 பெருக்கல் 2.14 எவ்வளவு? வங்கிக்காரி, நீயே போட்டுக்கொள். ஒன்றும் மாறவில்லை.

யூரியாவைத் தனியாக வைத்துச் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு முடிவுக்கும் வராதே. காய்ச்சலிலும் வாந்தியிலும் உடம்பில் நீர் வற்றினால் ஏறும், புரதம் அதிகம் சாப்பிட்டால் ஏறும், ஸ்டீராய்டு கொடுத்தால் ஏறும், குடலில் ரத்தம் கசிந்தால் ஏறும். புரதம் சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்கு இறங்கியே இருக்கும். கிரியேட்டினினோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது எதையாவது சொல்லும்.

இப்போது பொட்டாசியம். பேரனுக்கு முதல் தடவை 6.2 வந்து எல்லோரையும் ஆட்டிவைத்ததே, மறுபடி எடுத்தபோது 4.4. முதல் தடவை எப்படி எடுத்தார்கள் என்று உன் மகளே சொன்னாள்: இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, பிள்ளை கத்த, நரம்பு கிடைக்காமல் விரல் நுனியைக் குத்திப் பிழிந்து பிழிந்து. அப்படிப் பிழிந்தால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் அடைந்து கிடக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும், இளஞ்சிவப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நாங்கள் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை அனுப்புவோம். அதற்காக, குழந்தைக்குப் பொட்டாசியம் ஏறினால் பிழிந்ததால்தான் என்று விட்டுவிடவும் கூடாது. உண்மையாக ஏறியிருந்தால் இதயத்துக்கு ஆபத்து. உடனே மறுபடி நல்ல ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் வழி. உங்கள் மருத்துவர் செய்தது சரி.

பாஸ்பரஸும் அல்கலைன் பாஸ்படேஸும் 'அதிகம்' என்று வந்திருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். எலும்பு வளர்கிற பிள்ளைக்கு இரண்டும் பெரியவர்களைவிட மேலேதான் இருக்கும். அங்கேயும் அதே கதை, எல்லை பெரியவர்களுடையது.

உன் பேரன் விஷயத்தில் நான் உண்மையாகவே கவனிக்கச் சொல்வது வேறு. பிறக்கும் முன்பே ஸ்கேனில் ஒரே சிறுநீரகம் என்று தெரிந்துவிட்டது. அந்த ஒன்று சற்றுப் பெரிதாகி இருவர் வேலையைப் பார்க்கிறது, அதனால்தான் கிரியேட்டினின் இவ்வளவு நன்றாக இருக்கிறது. அந்த எண் இன்றைக்கு நன்றாக இருப்பதால் பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள். வருடந்தோறும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அதுவும் பிள்ளையின் கைக்கு ஏற்ற சிறிய பட்டையில். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் களைக்கத் தொடங்கினால் கிரியேட்டினினுக்கு முன்பே இவை இரண்டும் சொல்லிவிடும். முகமும் காலும் வீங்கிச் சிறுநீரில் புரதமாகக் கொட்டும் பிள்ளைக்குக்கூடக் கிரியேட்டினின் பல நேரம் இயல்பாகவே இருக்கும். ரத்தத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டால் நோய் தப்பிவிடும்.

அப்புறம், 0.3 என்பதை எழுதி வைத்துக்கொள். இதுதான் அவனுடைய அளவு. நாளைக்கு வயிற்றுப்போக்கு வந்து 0.5 ஆனால், சீட்டில் மறுபடி 'குறைவு' என்றே அச்சாகும். 0.6 ஆனால் 'இயல்பு' என்று வரும். ஆனால் 0.3 இரட்டித்து 0.6 ஆனது என்றால் வடிகட்டும் திறன் பாதியாகிவிட்டது என்று பொருள். 2012-ல் வந்த உலகளாவிய வழிகாட்டி என்ன சொல்கிறது தெரியுமா? 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலோ, ஒரு வாரத்துக்குள் முந்தைய அளவைப்போல ஒன்றரை மடங்கானாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. முந்தைய அளவு கையில் இல்லாவிட்டால் எதை வைத்து ஒப்பிடுவது? எல்லாச் சீட்டையும் ஒரு கோப்பில் போடு, முடிந்தவரை ஒரே பரிசோதனைக்கூடத்தில் எடு. பாதிப்பு வந்த அன்றைக்கே கிரியேட்டினின் ஏறிவிடாது, ஒரு நாள் இரண்டு நாள் பின்தங்கித்தான் வரும். அதனால் வயிற்றுப்போக்கில் அவன் சிறுநீர் போவது குறைந்தால் ரத்த முடிவுக்காகக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் வேண்டாம். நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு அது கூடுதல் அடி.

இளையவளுக்கு மாதம் நெருங்குகிறது என்றாயே, அதற்கும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அக்கா பிள்ளைக்கு இப்படி இருப்பதால் பிறந்தவுடன் பாப்பாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி நீ நிற்பாய். முதல் நாளில் வரும் கிரியேட்டினின் பாப்பாவுடையதே அல்ல, தாயுடையது. நஞ்சுக்கொடி வழியாக இருவருக்கும் ஒரே அளவு. 0.8 என்று வந்தால் அலறாதே. ஒரு வாரம், இரண்டு வாரத்தில் அது இறங்கும். குறைமாதப் பிள்ளையானால் முதலில் கொஞ்சம் ஏறிவிட்டுப் பிறகு மெதுவாக இறங்கும். பிறக்கும்போது சிறுநீரகம் பெரியவர்களின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வடிகட்டும்; இரண்டு வாரத்தில் அது இரட்டிக்கும், இரண்டு வயது வாக்கில்தான் முழு வேகத்தை எட்டும். நான் சொன்ன 0.413 கணக்கைக் கைக்குழந்தைக்குப் போட்டுப் பார்க்கவே கூடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து வகுத்தது அது.

தசை மெலிந்த பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தசைநோய் உள்ள பிள்ளைக்கும், நெடுநாள் சாப்பாடில்லாமல் எலும்பும் தோலுமாய் ஆன பிள்ளைக்கும் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் கிரியேட்டினின் நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ளும். அவர்களுக்கு சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை உதவும். அது தசையைச் சார்ந்ததல்ல. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டும் அதைக் குழப்பும், விலையும் கூடுதல். ஆனாலும் கேட்டு எடுக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்குப் பிறகு நான் எங்கள் இடத்தில் ஒரு பாடுபட்டேன். வயதுக்கு ஒரு எல்லை என்று கணினியில் பிரித்துப் பதியவைத்தாயிற்று. இப்போது மூன்று வயதுப் பிள்ளைக்கு 0.9 வந்தால் சிவப்பில் அடிக்கும், என் மேசைக்கும் தனியாக வரும். 0.3-க்கு எந்தக் குறியும் வராது. இரண்டாம் தசமமும் கிடைத்துவிட்டது. கோரிக்கைப் படிவத்தில் உயரத்துக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அதை இன்னும் பாதிப் பேர் நிரப்புவதில்லை, காலியாக வருவதைத் திருப்பி அனுப்புகிறேன். இதனால் என்மேல் சிலருக்கு வருத்தம். இருக்கட்டும். "எடை எழுதியிருக்கிறோமே, போதாதா" என்கிறார்கள். போதாது. அந்தச் சூத்திரத்தில் எடையே இல்லை.

நான் பரிசோதனைக்கூடக்காரி. பிள்ளையைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் போகும்போது மூன்று கேள்வி கேள்: எந்த முறையில் அளந்தார்கள், போன தடவையும் அதே முறைதானா, வடிகட்டும் வேகத்தை உயரம் வைத்துக் கணக்கிட்டீர்களா. மூன்றாவதற்கு அவர் உயரம் கேட்பார். பேரனைச் செருப்பில்லாமல் சுவரோடு சுவராகக் குதிகால் ஒட்டி நிறுத்தி, தலைக்குமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தட்டையாக வைத்துக் கோடு போட்டு அளந்துவிடு. ஆடுவான், இரண்டு தடவை அள. எனக்கும் எழுது, பழைய சீட்டுகளின் படங்களையும் சேர்த்து அனுப்பு. அவன் பிறந்ததிலிருந்து வந்த எண்களை ஒரே வரைபடத்தில் போட்டு உனக்குத் தருகிறேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. இளையவளுக்கு வலி கண்டதும் எந்த நேரமானாலும் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
வசந்தா